மூன்றடி

சம்பளம் நாளுக்கு ஏழரை டாலர்.
விழுந்தால் மேலே இரண்டு.
மாடிப்படியில் உருண்டால் மூன்று.
எத்தனை படி என்று யாரும் எண்ணுவதில்லை.

மில்வாக்கி கசாப்புக்கடைக்காரர் மகன் லெமுவல் கிராட்ஸ்.
ஒரு காது முன்னால் வந்து நிற்கும்,
மற்றது எதையோ எடுக்க மறந்து
திரும்பிப் போனதுபோல் பின்னால் ஒட்டியிருக்கும்.
இந்த முகத்துக்குக் கதாநாயகன் வேலை இல்லை என்று
ஹாலிவுட்டில் முதல் நாளே
ஸ்டூடியோ வாசற்காவலாளி சொல்லிவிட்டான்.

ஓட்டல் குமாஸ்தா. நீதிபதி. மறுபடியும் ஓட்டல் குமாஸ்தா.
யார் யாரோ உட்காரும் தொப்பியின் சொந்தக்காரர்.
இருநூறு படங்களுக்கு மேல்.
திரையில் பெயர் வந்தது பதினொரு முறை,
அதில் நான்கு எழுத்துப்பிழையோடு.

ஆனால் அவனிடம் ஒன்று இருந்தது.
அடி விழும், உடனே வலிக்காது.
புன்னகை அப்படியே நிற்கும்.
தெருமுனையில் தபால்காரன் வருவதைப் பார்ப்பதுபோல்
வலி வருவதை அவன் பார்ப்பான்,
கையெழுத்திட்டு வாங்குவான், உறையைப் பிரிப்பான்,
பிறகுதான் முகம் மாறும்.
அதற்குள் கொட்டகை பாதி நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்.

அது எவ்வளவு நீளம் என்று ஹெஸ்டருக்குத் தெரியும்.
வெட்டும் அறையில் ஒன்பது பெண்கள்,
வெள்ளைப் பருத்திக் கையுறை, ஜன்னல் கிடையாது.
சுருளை மூக்கு நுனியிலிருந்து
நீட்டிய கை வரை இழுத்துப் பிடிப்பாள்.
"மூன்றடி" என்பாள்.
என் புருஷன் என்று சொல்லமாட்டாள்.

அடி என்றால் நம்மிடம் அளவு, அடி என்றால் உதை,
செய்யுளில் ஒரு வரியும் அடிதான்.
கலிபோர்னியாவில் இது தெரிய நியாயமில்லை.
தெரிந்திருந்தால் லெமுவல் சிரித்திருப்பான்,
கொஞ்சம் தாமதமாக.

இருபத்தாறாம் வருடக் குளிர்காலத்தில்
விழ வேண்டாத வேடம் ஒன்று வந்தது.
அதிலும் ஓட்டல் குமாஸ்தாதான்.
நாயகிக்கு வந்த தந்தியைத் தவறிப் படித்துவிடுகிறான்,
அவள் மாடியிலிருந்து பாடிக்கொண்டே இறங்குகிறாள்.
அவ்வளவுதான்.
அதே புன்னகை, அதே தபால்காரன்,
கடிதம் மட்டும் இன்னொருவருடையது.
விளக்குப் பிடித்த பையன் மூக்கைச் சிந்தினான்.

கிளெண்டேலில் முன்னோட்டம் போட்டார்கள்.
அந்த முகம் வந்ததும் கொட்டகை சிரித்தது.
ஆண்கள் தொடையைத் தட்டினார்கள்,
ஒரு குழந்தை இன்னும் விழவில்லையே என்று கத்தியது.
தயாரிப்பாளர் சுருட்டை அணைத்தார்.

மறுநாள் சீட்டு ஹெஸ்டரின் மேசைக்கு வந்தது.
பக்கத்து மேசை ஐடா, கொடு நான் செய்கிறேன் என்றாள்.
ஹெஸ்டர் கொடுக்கவில்லை.
கத்தரிக்கோல் நன்றாகத்தான் இருந்தது,
இருந்தும் ஒருமுறை துடைத்தாள்.

இரவு உருளைக்கிழங்கு, குளிர்ந்த நாக்குக்கறி.
"போச்சா?"
"போச்சு."
"எத்தனை அடி?"
"பதினேழு."
அவன் புன்னகை அப்படியே இருந்தது.
அவள் எதிரே உட்கார்ந்து,
தெருமுனையில் தபால்காரன் திரும்புவதைப் பார்த்தாள்.
வந்து சேர்வதற்குள் அவன் கடுகுக் கிண்ணத்தைக் கேட்டான்.
நகர்த்தி வைத்தாள்.

படங்கள் பேச ஆரம்பித்தபின்
அவன் விக்கலுக்குத் தனிச் சம்பளம் கிடைத்தது.
போர் முடிந்த வருடம் கடைசி வேடம்:
நீதிபதி, சுத்தியல் கட்டைவிரலில் விழும்.
இடுப்பு தேய்ந்திருந்ததால் உட்கார்ந்தே நடித்தான்.

அவன் போன நாலாம் மாதம்
அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.
காலுறைக்குள் சுற்றி அவள் கடத்தி வந்த பதினேழு அடி
பழுத்துத் தேனாக ஒட்டிப்போயிருந்தது.
நாற்றம் வேறு.
மேல்சுற்றில் மட்டும் ஒரு சின்னச் சதுரம் தப்பியிருந்தது.
சமையலறை பல்புக்கு நேரே பிடித்தாள்.

கையில் தந்தி. முன்னால் வந்த காது.
முகம் இன்னும் மாறவில்லை.

டப்பாவை மூடி
அடுப்புக்குத் தள்ளி வைத்தாள்.
சட்டென்று பற்றிக்கொள்ளும் சரக்கு அது.